"விற்கத்தகு நீர்ப்பங்கு" என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நீரை வாங்கவும் விற்கவும் இடம் தரும் உரிமையை ஆங்கிலத்தில் tradable water right என்பார்கள். அதற்குத் தமிழில் "வணிக நீருரிமை" என்ற சொல் இங்கே முன்வைக்கப்பட்டது. எனக்கு அது ஒட்டவில்லை. மட்டக்களப்பில் அதைக் கேட்பவர் போத்தல் தண்ணீர்க் கம்பனிக்குக் கொடுத்த அனுமதி என்றே நினைப்பார். "கைமாற்று நீருரிமை"யும் சரிவராது. கைமாற்று என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டிய சிறு கடன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எங்கள் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்து நீர் வயலோடு சேர்ந்தது. சிறுபோகத்துக்கு நீர் குறைந்தால், எத்தனை ஏக்கர் செய்வது, எந்த வட்டைக்கு (வயல்வெளிக்கு) வாய்க்கால் திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். வயலை விற்றால் நீரும் அதோடு போகும். நீரை மட்டும் தனியே விற்க வழியில்லை. அவுஸ்திரேலியாவின் மரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார்கள். நிலத்திலிருந்து நீரைப் பிரிக்க அங்குள்ள அரசுகள் 1994இல் உடன்பட்டன. ஆற்றில் எடுக்கும் மொத்த நீருக்கு வரம்பு உண்டு. அதற்குள்தான் கொடுக்கல் வாங்கல். வறட்சிக் காலத்தில் நெல் செய்பவர்கள் விதைக்காமல் விட்டு, அந்த ஆண்டு நீரைப் பழத்தோட்டக்காரருக்கு விற்றிருக்கிறார்கள். நெல்லை அடுத்த வருடம் விதைக்கலாம், பட்டுப்போன மரத்தை அப்படி மீட்க முடியாது.

அப்புறம், ஒரு சொல் போதாது. 100 மெகாலீற்றர் (ஒரு மெகாலீற்றர் பத்து இலட்சம் லீற்றர்) பங்கு உள்ளவருக்கு இந்த ஆண்டு 40 வீதம் என்று அறிவித்தால், கையில் வருவது 40 மெகாலீற்றர்தான். நிலையாக இருப்பதை "நீர்ப்பங்கு" என்றும், வருடாவருடம் கிடைப்பதை "ஆண்டு நீரளவு" என்றும் பிரிக்கலாம். "உரிமை"யை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். குடிநீர் மனித உரிமை என்று சொல்லும் அதே சொல்லை, விலை பேசும் பொருளுக்கும் வைக்கக் கூடாது.

விற்பனை வகைகளுக்குப் புதுச்சொல் தேடவேண்டாம், காணி உறுதியில் இருப்பதே போதும். பங்கையே விற்றால் அறுதி. பங்கை வைத்துக்கொண்டு சில வருட நீரை மட்டும் விட்டுக்கொடுத்தால் குத்தகை.

மொத்தத்துக்கு "விற்கத்தகு நீர்ப்பங்கு" என்பது என் முன்மொழிவு. "பரிமாற்றம்" மென்மையாக ஒலிக்கும், ஆனால் விற்பனையை மறைத்துவிடும். நாளைக்கு இப்படி ஒரு திட்டம் எங்கள் பக்கம் வந்தால், கையெழுத்து வைக்கும் விவசாயிக்குத் தன் தண்ணீர் விலைபோகிறது என்பது முதற்சொல்லிலேயே தெரியவேண்டும்.

ஆற்றில் எடுக்கும் மொத்த நீரின் வரம்புக்கு "எடுப்பு வரம்பு" என்று யோசிக்கிறேன். அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசன வாய்க்கால்களோடு பழகியவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.