'பா' வெறும் நிரப்புச்சொல்லா? டிஸ்கோர்ஸ் மார்க்கருக்கு ஒரு சொல்

வணக்கம். பேச்சில் செய்தியைச் சொல்லாமல், கேட்பவரோடு உள்ள உறவையோ பேச்சின் போக்கையோ காட்டும் 'பா' மாதிரிச் சொற்களை ஆங்கிலத்தில் டிஸ்கோர்ஸ் மார்க்கர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'நிரப்புச்சொல்' போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. நிரப்ப வந்தது என்றாலே, எடுத்துவிட்டாலும் குறையில்லை என்று ஆகிவிடுகிறது.

போன வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரோடு உட்கார்ந்து, அவர்களில் ஒருத்தி எழுதிய சிறுகதையைச் சொல் சொல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். காசிமேட்டு மீன்காரம்மா, வாங்க வந்த பெண்ணிடம் "எட்த்துக்கபா, மெய்யாலுமே இன்னிக்கு வந்ததுபா" என்கிறார். ஒரு பையன் பெயர், வினை எல்லாம் குறித்துவிட்டு இரண்டு 'பா'வையும் பென்சிலால் அடித்திருந்தான். பொருள் இல்லையாம். சரி, இல்லாமலே படி என்றேன். "எட்த்துக்க. மெய்யாலுமே இன்னிக்கு வந்தது." படித்தவனே நிமிர்ந்து பார்த்தான். கெஞ்சலும் உரிமையும் போய் அதட்டல்தான் மிச்சம். பெண்ணைப் பெண் 'பா' என்பது எங்கள் பக்கம் ரொம்ப சாதாரணம், அதை ஆணை விளிக்கும் சொல் என்று மட்டும் எழுதிவைத்தால் இந்த இடமே புரியாது.

இதற்குப் பழைய பெயரே இருக்கிறது. பெயரையும் வினையையும் சார்ந்து வரும் இடைச்சொற்களைப் பற்றிய இடையியலில், தொல்காப்பியம் மியா, இக, மோ, மதி, இகும், சின் ஆறையும் முன்னிலை அசைச்சொல், அதாவது எதிரில் இருப்பவரிடம் பேசும்போது சேரும் அசை, என்கிறது. குறுந்தொகை 2ஆம் பாட்டில் தலைவன் தும்பியைப் பார்த்து "கண்டது மொழிமோ" என்கிறானே, அந்த 'மோ'வின் வேலைதான் 'சொல்லுபா'வில் 'பா'வுக்கு என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பெயர் மொத்தத்துக்கும் போதாது. "அப்பால வரேன்" என்றால் அப்பால காலம் காட்டுகிறது. "அப்பால இன்னா ஆச்சுன்னா" என்று கதை சொல்லும்போது அதே சொல் கேட்பவரை அடுத்த கட்டத்துக்குக் கூட்டிப்போகிறது. இரண்டாவதையும் 'பா'வையும் சேர்த்துச் சொல்ல 'பேச்சிடைச்சொல்' என்று வைக்கலாம், முன்னிலை அசை அதில் ஒரு வகையாக இருக்கட்டும்.

இடை என்றால் நடுவில்தானே வரணும் என்று கேட்பீர்கள். இடைச்சொல் முன்னும் பின்னும் மொழியடுத்து வரும் என்று அதே இடையியல் சொல்லிவிட்டது.

இதற்கு 'கருத்தாடல் குறிப்பான்' என்று வைக்கலாமே என்றால், அது நீளம் என்பதைவிடப் பெரிய சிக்கல், இலக்கியத் திறனாய்வில் குறிப்பான் என்றால் ஏற்கெனவே சிக்னிஃபயர், அதாவது பொருளைச் சுட்டும் சொல்வடிவம். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் மாணவர்கள் குழம்பிப் போவார்கள். 'பேச்சொட்டு' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்னொட்டு, பின்னொட்டு என்று பழகிய பிறகு தனியாக நிற்கும் 'மெய்யாலுமே'யை ஒட்டு என்று எப்படிச் சொல்வது?

எழுத்தில் வரும் ஆகவே, எனினும் எல்லாம் இதில் வேண்டாம், அவை இணைப்பிடைச்சொல்லாகவே இருக்கட்டும்.