புதுப்பிப்பு: ஸ்நார்க்கலிங் பயணம், பொனேர் என்று முடிவாகிவிட்டது

செப்டம்பரில் அலைச்சல் இல்லாமல் ஸ்நார்க்கலிங் (நீச்சல் கண்ணாடியும் மூச்சு விடும் குழாயும் மாட்டி, மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பது) செய்ய எந்தக் கரீபியத் தீவு நல்லது என்று கேட்டிருந்தேனே, பொனேருக்கு டிக்கெட் போட்டாயிற்று. முக்கியக் காரணம் புயல்தான். அந்தப் பக்கம் செப்டம்பர்தான் புயல் உச்சம், ஆனால் தெற்கே வெனிசுவேலாவை ஒட்டி இருப்பதால் பொனேரைப் புயல் தொடுவது அபூர்வம். அப்புறம், தினமும் படகு தேவையில்லை: மேற்குக் கரைச் சாலையோரம், இறங்கும் இடத்துக்கு அடையாளமாக மஞ்சள் பூசிய கல் எங்கே தெரிகிறதோ அங்கே வண்டியை நிறுத்திக் கடலில் இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே பவளப்பாறை வந்துவிடும். கிழக்குக் கரை முரட்டு அலை, அங்கே லாக் விரிகுடா மட்டும் போதும்.

ஒரு நாள் மட்டும் படகில், எதிரே இருக்கும் க்ளைன் பொனேர் என்ற குட்டித் தீவுக்கு. சற்றுத் தள்ளி இறக்கிவிடச் சொல்லி, நீரோட்டத்தோடு மிதந்தபடியே அந்தத் தீவின் நோ நேம் கடற்கரைக்கு வந்து சேரலாம் (சோம்பேறிகளுக்கு என்றே அமைந்த இடம்!). கடை, கழிப்பறை எதுவும் கிடையாது, குடிதண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனை அங்கே விற்கவே தடை. அதனால் எல்லோருக்கும் முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிவிட்டோம். கையுறை எடுத்துப் போகச் சொன்னவருக்கு: 1979 முதல் அந்தக் கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா, கையுறைக்கு அனுமதி இல்லை.