18,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறது, என் வண்டி 12,000 பவுண்டுக்கே தாங்குமா?

மண்வேலைக்காரன் எழுதியது:

அமெரிக்காவில் சிறிய அளவில் மண்வேலை, தோட்டவேலை எடுத்துச் செய்கிறேன். போன மாதம் பழைய முக்கால் டன் டீசல் பிக்கப் ஒன்று வாங்கினேன் (முக்கால் டன் என்பது வகைப் பெயர்தான், சுமக்கும் எடை இல்லை). விளம்பரக் கையேட்டில் இந்த மாடல் 18,000 பவுண்டு வரை இழுக்கும் என்று இருக்கிறது. நான் இழுக்கப் போவது ஒரு மினி எக்ஸ்கவேட்டர் 8,200, அதன் பக்கெட்டுகள் 700, ட்ரெய்லர் வெறும் எடை 3,100, ஆக 12,000 பவுண்டு. ட்ரெய்லரின் ஜிவிடபிள்யூஆர், அதாவது சுமையோடு சேர்த்துத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அதிகபட்ச எடை, 14,000. வண்டியின் பின்முனையில் உருண்டையில் மாட்டும் சாதாரண பால் ஹிட்ச்தான், பின்தட்டுக்குள் பின் அச்சுக்கு மேலே மாட்டும் கூஸ்நெக் இல்லை.

18,000-க்கும் 12,000-க்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் நேற்று ஓட்டுநர் கதவைத் திறந்தபோது உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஜிவிடபிள்யூஆர் 10,000, பயணிகளும் சரக்கும் சேர்ந்து 2,250 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்த இரண்டு கணக்கும் எப்படி ஒத்துப்போகும்? தவிர, வண்டியின் பின்தட்டில் 50 கேலன் டீசல் டேங்க் ஒன்று வைத்திருக்கிறேன், எக்ஸ்கவேட்டருக்கு எரிபொருள் போட. பேசாமல் இதை விற்றுவிட்டு ஒரு டன் டூயலியாக (பின் அச்சில் நான்கு சக்கரம் உள்ள பெரிய பிக்கப்) வாங்கிவிடலாமா என்றும் யோசனை.

அச்சாணி எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் நண்பரே. கையேட்டில் இருக்கும் 18,000-ஐ மறந்துவிடுங்கள், அது உங்கள் வண்டிக்கான எண் இல்லை. அந்த மாடலில் எந்த எஞ்சின், எந்தப் பின் அச்சு கியர் விகிதம், எந்தக் கேபின் சேர்ந்தால் அதிகம் இழுக்குமோ அந்த ஒரு சேர்க்கைக்கான எண், அதுவும் பெரும்பாலும் கூஸ்நெக்கில் மாட்டினால் வருவது. பால் ஹிட்ச்சுக்குத் தனி வரம்பு இருக்கும், ஹிட்ச்சின் மீதே ஒட்டியிருப்பார்கள், குனிந்து பாருங்கள்.

இழுவை எண்ணை, எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற பொதுவான சோதனை முறைப்படி கணக்கிடுகிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கம் உள்ள நீண்ட ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள வண்டியானால் 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். உண்மையான சோதனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆளுக்கு 150 பவுண்டுதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் கருவிப்பெட்டியும் டீசல் டேங்கும் அந்தக் கணக்கில் கிடையாது.

உங்களுக்கான எண் கதவில் இருக்கும் 2,250. தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நிலையில், எரிபொருள் நிரம்பிய வண்டிக்கு மேல் நீங்கள் ஏற்றக்கூடியது அவ்வளவுதான். ட்ரெய்லரின் முன்பாரம், அதாவது டங் வெயிட்டும் அதற்குள்தான் வர வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ட்ரெய்லர் பின்னால் தனியாகத்தானே உருண்டு வருகிறது என்று நினைக்கிறார்கள், ஆனால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் முதுகில்தான் உட்காருகிறது.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆள் இரண்டு பேர் 370 என்று வைத்துக்கொள்கிறேன். கருவிப்பெட்டி, பால் மவுண்ட் (ஹிட்ச் உருண்டையைத் தாங்கும் இரும்பு) எல்லாம் சேர்த்து 250. டீசல் ஒரு கேலன் ஏறக்குறைய 7 பவுண்டு, 50 கேலனுக்கு 350, டேங்க் தகரம் ஒரு 100, ஆக 450. மொத்தம் 1,070. மீதி 1,180 பவுண்டு. 12,000 பவுண்டு ட்ரெய்லருக்கு 12 சதவீதம் என்றாலே 1,440. போதவில்லை. டேங்க் இல்லாவிட்டால் மீதி 1,630, அப்போது 12 சதவீதம் பொருந்தும், 15 சதவீதம் ஆகி 1,800 என்று வந்தால் பொருந்தாது. கூஸ்நெக்குக்கு மாறினால் முன்பாரம் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும், அது 2,400. யோசிக்கவே வேண்டாம்.

இழுக்கும் சக்தி இருந்தும் சுமக்கும் இடம் முதலில் தீர்ந்துவிடுகிறது. முக்கால் டன் டீசல் வண்டிகளில் இது எப்போதும் நடப்பது, ஏனென்றால் டீசல் எஞ்சினின் எடையே பேலோடில், அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடையில், பல நூறு பவுண்டைத் தின்றுவிடும்.

மலைப்பாதை எழுதியது:

அச்சாணி அண்ணா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எனக்கும் இதே மாதிரி வண்டிதான் இருந்தது. பின்பக்கம் தொங்குகிறது என்று ஒரு கடையில் சொன்னபோது, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போட்டால் கூடுதலாக 5,000 பவுண்டு தாங்கும் என்று போட்டுக் கொடுத்தார்கள். வண்டி நேராக நின்றது, நானும் நம்பினேன். ஒரு நாள் இறக்கத்தில் ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் மிதந்தது. பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போனதும் ட்ரெய்லர் வால் ஆட ஆரம்பித்தது. ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்து எப்படியோ நின்றேன். அதற்குப் பிறகு பல வாரம் இரவில் தூக்கம் சரியாக வரவில்லை.

காற்றுப் பை உயரத்தைச் சரிசெய்யும், அவ்வளவுதான். அச்சு, டயர், பிரேக், சட்டகம் எதுவும் அதனால் பலப்படுவதில்லை, ஜிவிடபிள்யூஆரும் ஒரு பவுண்டுகூட உயராது. முன் அச்சிலிருந்து எடை பின்னால் போய்விட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவர எடை பகிரும் ஹிட்ச்தான் வேண்டும்.

இன்னொன்று. டங் வெயிட்டைக் குறைக்கிறேன் என்று எக்ஸ்கவேட்டரை மிகவும் பின்னால் தள்ளிவிடாதீர்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் ஆட்டம் போடும், அது அதிக எடையைவிட ஆபத்து. ட்ரெய்லர் தளத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துங்கள். வேகத்தையும் கவனியுங்கள், 50-க்குப் பதில் 65-ல் போனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.7 மடங்கு.

உரிமக்கார் எழுதியது:

டூயலி பற்றி யாரும் பேசவில்லையே. வாங்குமுன் கூட்டல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இப்போது உங்கள் வண்டி 10,000, ட்ரெய்லர் 14,000, கூட்டினால் 24,000. ஜிவிடபிள்யூஆர் 14,000 உள்ள டூயலி வாங்கினால் 28,000. கூட்டுத்தொகை 26,001 அல்லது அதற்கு மேல், ட்ரெய்லர் ரேட்டிங் 10,000-க்கு மேல் என்ற இரண்டும் சேர்ந்தால் தொழிலுக்கு ஓட்ட கிளாஸ் ஏ சிடிஎல் (வணிக ஓட்டுநர் உரிமம்) வேண்டும். ட்ரெய்லர் காலியாக இருந்தாலும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத்தான் கூட்டுவார்கள். டூயலி மோசம் என்று சொல்லவில்லை, பேலோட் தாராளமாக இருக்கும், பின்னால் நான்கு சக்கரம் என்பதால் நிற்கும் பலமும் அதிகம். ஆனால் உங்களிடமும் வேலையாட்களிடமும் அந்த உரிமம் இல்லையென்றால் வண்டி வாசலில்தான் நிற்கும்.

சிடிஎல் தேவைப்படாத 24,000-லேயே கூட, மாநில எல்லை தாண்டித் தொழில் செய்தால் 10,001 பவுண்டிலிருந்தே யுஎஸ்டாட் எண்ணும் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) ஓட்டுநருக்கு மருத்துவச் சான்றும் தேவை. மாநிலத்துக்குள்ளேயே ஓட்டினால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போக்குவரத்துத் துறையில் கேட்டுவிடுங்கள்.

மண்வேலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று காலை டிரக் ஸ்டாப் எடைமேடைக்குப் போனேன். டேங்க் நிறைய டீசல், ஆள் இரண்டு பேர், எக்ஸ்கவேட்டர் வழக்கமான இடத்தில். முன் அச்சு 4,340, பின் அச்சு 6,040, ட்ரெய்லர் அச்சுகள் 10,420. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் நிறுத்தியபோது 8,820.

அச்சாணி எழுதியது:

அருமை, இனி ஊகமே தேவையில்லை. வண்டியின் இரண்டு அச்சும் சேர்ந்து 10,380, வரம்பைவிட 380 அதிகம். 10,380-ல் 8,820 போனால் டங் வெயிட் 1,560, மொத்த ட்ரெய்லர் 11,980, அதாவது 13 சதவீதம். சமநிலை நன்றாக இருக்கிறது, எடைதான் அதிகம். கதவு ஸ்டிக்கரில் பின் அச்சுக்கென்று தனி எண் இருக்கும், ஜிஏடபிள்யூஆர் என்று போட்டிருப்பார்கள், 6,040 அதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.

மண்வேலைக்காரன் எழுதியது:

பின் அச்சு வரம்பு 6,300, தப்பித்தது. டேங்க்கை இறக்கிவிட்டேன். டீசலை இனி கேன்களில் ட்ரெய்லர் அச்சுகளுக்கு நேர் மேலே கட்டி எடுத்துப் போகிறேன், ஒரு நாளைக்கு 15 கேலன் போதும். டேங்க் இல்லாமல் கணக்குப் போட்டால் 9,930 வருகிறது. எக்ஸ்கவேட்டரை அரை அடி பின்னால் நகர்த்தி நாளை மறுபடி எடை போட்டுப் பார்க்கிறேன்.