ஏகாதசி விரதத்தில் தலைவலி, உடம்பு சில்லிட்டுப் போவது: என்ன செய்யலாம்?

தளி ரோடு (கேள்வி)

வைகுண்ட ஏகாதசிக்கு வீட்டுல மூணு பேர் விரதம். எனக்கு 44 வயசு, நோய் எதுவும் இல்லை. அம்மாவுக்கு 68, பி.பி. மாத்திரையோட சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கறாங்க. தங்கச்சிக்கு 36, ஒற்றைத் தலைவலி உண்டு. எங்க முறை இது: தசமி மத்தியானம் ஒரு வேளை சாப்பாடு, ஏகாதசி முழுக்கத் தண்ணியும் துளசித் தீர்த்தமும் மட்டும், ராத்திரி கண் விழிப்பு, துவாதசி காலையில ஆறரைக்குப் பாரணை (விரதம் முடிச்சுச் சாப்பிடறது).

தொந்தரவு ரெண்டு. ஏகாதசி அன்னைக்குக் காலையில பத்து, பதினொரு மணிக்கு நெத்தியில ஆரம்பிச்சு ரெண்டு பொட்டுலயும் அழுத்தற தலைவலி. பொழுது சாஞ்சா உடம்பு சில்லிட்டுப் போயி கால் விரல் விறைச்சுக்குது. ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிர் வேற. நான் நாளுக்கு நாலு டம்ளர் காபி குடிக்கிற ஆளு. தண்ணி நிறையக் குடிச்சாலும் வலி குறையறதில்லை, சில சமயம் கூடுது. உப்பு சேர்த்துக்கலாமா? மாத்திரை போடலாமா?

அஞ்செட்டி வழிப்போக்கன்

உடம்புல தண்ணி பத்தலைங்க, அவ்வளவுதான். நாலு லிட்டர் குடிங்க, சரியாயிடும்.

அரூர் மருந்தாளுநர்

நாலு லிட்டர் வெறும் தண்ணி வேண்டாங்க. குடிச்சும் வலி கூடுதுன்னு கேள்வியிலேயே இருக்கு, அதைக் கவனிங்க.

விரதத் தலைவலின்னு ஒரே பேர்ல சொல்றோமே தவிர, காரணம் மூணு நாலு இருக்கு. எந்த நேரத்துல வருதுன்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். காலையில பத்து மணிக்கு வர்றது பெரும்பாலும் பசியால இல்லை, காபியால. தசமி சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி டம்ளர் குடிச்சிருந்தா மறுநாள் பத்து மணிக்குப் பதினெட்டு மணி நேரம் ஆகுது. காஃபீன் நின்னதுல இருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ள இந்த வலி தொடங்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும், முழுசா விட ஒரு வாரம்கூட ஆகலாம். காஃபீன் மூளையோட ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். அது திடீர்னு நின்னா குழாய்கள் விரியும், அதுதான் வலி. பாரணைக்கு அப்புறம் காபி குடிச்ச அரை மணி, ஒரு மணி நேரத்துல தலை லேசாயிட்டா காரணம் காபின்னே வெச்சுக்கலாம்.

இதுக்கு அன்னைக்கு வைத்தியம் கிடையாது, முன்னாடியே குறைக்கணும். விரதத்துக்கு எட்டு ஒன்பது நாள் இருக்கும்போதே ஆரம்பிங்க. ரெண்டு நாளைக்கு ஒரு டம்ளர் குறையுங்க, ராத்திரிக் காபியை முதல்ல, காலைக் காபியைக் கடைசியா. அந்தக் கடைசி டம்ளர்லயும் டிகாஷனைப் பாதியாக்குங்க. சிக்கரி அதிகமான தூளுக்கு மாறினாலும் காஃபீன் குறையும், ஏன்னா சிக்கரியில காஃபீன் இல்லை. காபியை விட்டுட்டு டீ குடிச்சா ஒண்ணுமில்லைன்னு நினைக்காதீங்க, டீயிலயும் இருக்கு, அளவுதான் கம்மி. நாளுக்கு 100 மில்லிகிராம் காஃபீன் பழகினவங்களுக்கே இந்த வலி வரும். நாலு டம்ளர்னா நீங்க அதைத் தாண்டியிருப்பீங்க.

மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு மேல, எழுந்து நின்னா தலை கிர்ருனு சுத்தி, உட்கார்ந்தா தணியற வலின்னா அது உப்பு சமாச்சாரம். சாப்பாடு நின்னதும் இன்சுலின் இறங்குது. இன்சுலின் இறங்கினா சிறுநீரகம் சோடியத்தைப் பிடிச்சு வைக்காது, வெளியே விடும், கூடவே தண்ணியும் போகும். அந்த நேரத்துல வெறும் தண்ணியா ஊத்தினா மிச்சமிருக்கற சோடியமும் நீர்த்துப் போகும். தண்ணி குடிச்சா வலி கூடுதுன்னு நீங்க சொல்றது பெரும்பாலும் இதுதான். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருக்கணும். தண்ணி மாதிரி தெளிவாப் போயிட்டிருக்கும்போதே தலைவலியும் குமட்டலும் வந்தா வெறும் தண்ணியை நிறுத்துங்க.

அளவு: ஒரு லிட்டர் தண்ணிக்குக் கால் டீஸ்பூன் உப்பு, அதாவது ஒண்ணரை கிராம் சுமாரா. காலையில ஒரு லிட்டர், மத்தியானம் ஒரு லிட்டர், ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா. மொத்தம் மூணு கிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்ற நாளுக்கு அஞ்சு கிராம் வரம்புக்குள்ளதான். மேல அரை லிட்டர் வெந்நீர் போதும். ஒரே மடக்குல குடிச்சா வெறும் வயித்துல பேதியாகலாம், அப்ப உள்ள இருக்கற உப்பும் போயிடும். பி.பி., சிறுநீரகம், இதயத் தொந்தரவு உள்ளவங்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

மாத்திரை விஷயம். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவும் வெறும் வயித்துல கூடாது. வயித்துப் புண்ணுக்கும் மேல, நீர் குறைஞ்ச உடம்புல சிறுநீரகத்தைப் பிடிக்கும். தாங்கலைன்னா பாரசிட்டமால் 500 ஒண்ணு, ஆறு மணி நேரம் கழிச்சுத் தேவைன்னா இன்னொண்ணு, அதோட நிறுத்திக்கணும். பட்டினியில கல்லீரல்ல அதோட நச்சை முறிக்கற குளூட்டாதயோன்ங்கற பொருள் குறையும், வழக்கமா தாங்கற அளவு அன்னைக்குத் தாங்கும்னு சொல்ல முடியாது. கடையில தலைவலி மாத்திரைன்னு கேட்டு வாங்கினா அட்டையைத் திருப்பிப் பாருங்க, பலதுலயும் காஃபீன் கலந்திருக்கும். வலி போகும், ஆனா எட்டு நாள் காபியைக் குறைச்ச பலனும் சேர்ந்து போகும்.

பாலக்கோடு செவிலி

அரூர் அண்ணா உங்களுக்குச் சொல்லிட்டாரு. அம்மாவுக்கு நான் சொல்றேன்: தண்ணி மட்டும் விரதம் அவங்களுக்கு வேண்டாம். தசமி மத்தியானம் பன்னெண்டுல இருந்து துவாதசி ஆறரைன்னா நாப்பத்திரண்டரை மணி நேரம் ஆகுதுங்க. கிளிமிபிரைடு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. அதைப் போட்டுட்டுப் பட்டினி இருந்தா சர்க்கரை தாழும். நீங்களே நிறுத்தவும் கூடாது, டாக்டரைப் பார்த்து அன்னைக்கு எது, எவ்வளவுன்னு எழுதி வாங்கிக்கோங்க. பால், பழம்னு பலகார விரதமா மாத்திக்கிட்டாலும் பழத்தோட அளவை அவர்கிட்டயே கேளுங்க.

ஒரு விஷயத்தை வீட்டுல எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருக்கணும். குளிருதுன்னு அவங்க சொன்னதும் போர்வையை எடுக்காதீங்க, முதல்ல பிடரியையும் உள்ளங்கையையும் தொட்டுப் பாருங்க. தோல் வறண்டு, கை கால் மட்டும் சில்லுனு இருந்தா அது பட்டினிக் குளிர். சில்லுனு இருக்கு, ஆனா பிசுபிசுன்னு வேர்த்திருக்கு, கை நடுங்குது, பேச்சு குழப்பமா வருதுன்னா சர்க்கரை தாழ்ந்திருக்கு. பி.பி.க்கு அட்டெனொலால், மெட்டோபுரோலால் எடுக்கறவங்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாம போகலாம், வேர்வை மட்டும் காட்டிக் கொடுக்கும். குளுக்கோமீட்டர்ல 70க்குக் கீழே வந்தா விரதம் அங்கேயே முடிஞ்சது. மூணு டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடுங்க, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் கஞ்சியோ பாலோ குடுங்க, இல்லைன்னா திரும்பத் தாழும். நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்குக் கூப்பிடுங்க.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கறவங்க யாராவது இதைப் படிச்சா: பட்டினியில சர்க்கரை அளவு சாதாரணமாத் தெரியும்போதே ரத்தத்துல அமிலம் ஏற இந்த மாத்திரை இடம் கொடுக்கும். சில நாள் முன்னாடியே நிறுத்தணுமான்னு டாக்டரைக் கேளுங்க, முந்தின நாள் கேட்டுப் பிரயோஜனமில்லை.

தங்கச்சிக்குப் பசி ஒரு தூண்டுதல், தூக்கம் கெடறது இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சா ஒற்றைத் தலைவலி வராம இருந்தாத்தான் ஆச்சரியம். விரதமா கண் விழிப்பான்னு ஒண்ணை எடுத்துக்கச் சொல்லுங்க. ஒற்றைத் தலைவலி வராம தடுக்கற மாத்திரை எடுத்துட்டிருந்தா அன்னைக்கும் விடக்கூடாது.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கறவங்க, இன்சுலின் போடறவங்க, வலிப்பு உள்ளவங்க தண்ணி விரதம் இருக்க வேண்டாம். திடீர்னு மண்டை பிளக்கற வலி, ஒரு பக்கம் கை கால் இழுக்கறது, நாக்குக் குழறல் இதையெல்லாம் விரதத் தலைவலின்னு பாரணை வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

கெலமங்கலம் கேழ்வரகு

குளிர் பத்தி யாரும் முழுசாச் சொல்லலையே.

சாப்பாடு செரிக்கறதே உடம்புக்கு ஒரு சூடு, சாப்பிட்ட கலோரியில பத்துல ஒரு பங்கு அப்படி வெப்பமாகுது. அது அன்னைக்கு இல்லை. கல்லீரல்ல சேர்த்து வெச்ச சர்க்கரை சுமார் ஒரு நாள்ல தீரும். அப்புறம் தைராய்டு ஹார்மோன் டி3 இறங்கும், உடம்பு தோலுக்கும் விரலுக்கும் போற ரத்தத்தைச் சுருக்கி உள்ளுறுப்புக்கு வெச்சுக்கும். கால் விறைக்கறது அதனாலதான். விடியக்காலம் நாலு அஞ்சு மணிக்கு உடம்புச் சூடு இயல்பாவே ரொம்பக் கீழே இருக்கும், கண் விழிக்கறவங்களுக்குக் குளிர் அப்பத்தான் அதிகம். கம்பளியை ராத்திரி பத்து மணிக்கே போத்திக்குங்க, நடுங்க ஆரம்பிச்ச பிறகு போத்தினா உடம்பு சூடேற நேரமாகும்.

பெரிய தப்பு ஈரத்துணி. தலைக்குக் குளிச்சிட்டு ஈர வேட்டியோட கோயிலுக்கு நடக்கறது. துணியில 200 மில்லி தண்ணி நின்னா அது காய 115 கிலோ கலோரி வெப்பம் வேணும். கொஞ்சம் காத்துல இருந்து வரும், மிச்சம் உங்க உடம்புல இருந்து. அரை லிட்டர் நல்ல வெந்நீர் குடிச்சா உடம்புக்குக் கிடைக்கறது பத்து கிலோ கலோரிகூட இல்லை. அதனால வெந்நீரை நம்பி ஈரத்துல நிக்காதீங்க. தலை காஞ்ச பிறகு வெளியே போங்க, காதை மூடுங்க. கல் தரையில நேரா உட்காராதீங்க, பலகையோ மடிச்ச ஜமக்காளமோ போடுங்க. மணிக்கு ஒரு தடவை அஞ்சு பத்து நிமிஷம் நடங்க. கொதிக்கக் கொதிக்கக் குளிக்கறதும் ஆகாது, தோல்ல ரத்தக் குழாய் விரிஞ்சு பி.பி. இறங்கி குளியலறையிலேயே மயக்கம் வரும்.

தளி, தேன்கனிக்கோட்டை ஊர்கள் பக்கத்துல ராத்திரி கரிச்சட்டியை உள்ள வெச்சுக் கதவைச் சாத்தறது உண்டு. தயவுசெய்து வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதுவும் தலைவலி, தலைசுத்தல், குமட்டல்தான் கொடுக்கும், விரதம்னு நினைச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாங்க. விரதமில்லாத குழந்தைக்கும் அதே அறையில தலை வலிச்சா, வெளியே வந்ததும் குறைஞ்சா சந்தேகமே வேண்டாம்.

சாதாரண நாள்லயும் குளிர் தாங்காதவங்க ரத்தத்துல ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச். சோதனையும் பார்த்துக்கோங்க. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழேன்னா ரத்தசோகை.

தசமி மத்தியானம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வெச்சுக்கலாம், மெதுவாச் செரிக்கும். இனிப்பும் வெள்ளை அரிசியும் வயிறு முட்டச் சாப்பிட்டா சீக்கிரம் பசி எடுக்கும்.

தளி ரோடு

ரொம்ப நன்றிங்க. அம்மா பலகார விரதத்துக்குச் சம்மதிச்சிட்டாங்க, நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போறோம். இன்னும் மூணு சந்தேகம். உப்பு போட்டா விரதம் போச்சுன்னு பெரியம்மா சொல்றாங்க, இந்துப்பு ஆகுமா? இளநீர் குடிச்சா உப்புத் தண்ணி தேவையில்லையா? சுக்குப் பத்துப் போடலாமா?

அரூர் மருந்தாளுநர்

பல வீடுகள்ல விரதத்துக்கு இந்துப்பு ஏத்துக்கறாங்க. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதே கால் டீஸ்பூன் கணக்கு. அதனாலேயே அம்மாவுக்கு அது பி.பி.யை ஏத்தாதுன்னு நினைக்க வேண்டாம். இளநீர்ல பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி, உப்புக்கு ஈடாகாது. டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி பொட்டாசியத்தை ஏத்தற பி.பி. மாத்திரை எடுக்கறவங்க, சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காம குடிக்கக் கூடாது.

பாரணையில காபியை முதல்ல வைக்காதீங்க. தீர்த்தம், நெல்லிக்காய், அப்புறம் உப்புப் போட்ட இளஞ்சூட்டுக் கஞ்சி அரை டம்ளர். இருபது நிமிஷம் கழிச்சு அகத்திக்கீரையோட கொஞ்சம் சாதம். ஒரேயடியா வயிறு நிறைஞ்சா ரத்தம் குடல் பக்கம் போயி எழுந்ததும் தலை சுத்தும்.

கெலமங்கலம் கேழ்வரகு

சுக்குப் பத்து போடலாம். கல்லுல தண்ணி விட்டு இழைச்சு மெலிசா நெத்தியில மட்டும், இமைக்கும் புருவத்துக்கும் தள்ளி. பத்து நிமிஷத்துல துடைச்சிடுங்க. காயட்டும்னு விட்டா தோல் வெந்து, வலி போனாலும் எரிச்சல் ரெண்டு நாள் நிக்கும். தைலம் தடவின இடத்து மேல பத்துப் போடாதீங்க.