கிளட்ச் உள்ள பழைய யோ-யோ ஏன் கைக்குத் திரும்புவதில்லை?

கேள்வி:
என் சேகரிப்பில் யோமேகா பிரெயின் என்ற யோ-யோ ஒன்று உள்ளது. உடல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் என்பதால், கிளட்சின் கைகளும் அவற்றிலுள்ள எடைகளும் வெளியிலிருந்தே தெரிகின்றன. வேகம் குறைந்ததும் தானாக மேலேற வேண்டிய இது, இப்போது நூலின் அடியிலேயே சுழன்று நின்றுவிடுகிறது. ஸ்பிரிங்குகளை மாற்றலாமா? மாற்றினால் மதிப்புக் குறையுமா?

மறுமொழி:
ஸ்பிரிங்கைத் தொடும் முன், முன்பு வைத்திருந்தவர் உள்ளே எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சுழற்சி இல்லாதபோது ஸ்பிரிங்குகள் கிளட்ச் கைகளை அழுத்தி, நூல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் குழலைக் கவ்விப் பிடிக்கின்றன. வேகமாக எறிந்ததும் எடைகள் வெளிப்புறமாக விலக, பிடி தளர்ந்து, குழலைச் சார்ந்திராமல் யோ-யோ சுழல்கிறது. எடைகளை விலக்கும் விசை சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் அது கால் பங்காகிவிடும். அப்போது ஸ்பிரிங் மீண்டும் வென்று, மிச்சமுள்ள சுழற்சி நூலைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. குழலின் வெளிப்புறத்தில் எண்ணெய் படிந்திருந்தால் கைகள் கவ்வினாலும் வழுக்கும். குழலின் உட்புறம் அச்சின் மேல் வழுக்க வேண்டும், வெளிப்புறம் உலர்ந்திருக்க வேண்டும் என்பதே இந்த வடிவமைப்பின் நுட்பம்.

இரு பாதிகளையும் திருகிப் பிரிக்கும்போது அகலமான தட்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் தேடிப் பிடிப்பது கடினம். குழலை மென்மையான சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்துங்கள். வீரியமான கரைப்பான்கள் இத்தகைய பிளாஸ்டிக்கில் நுண்விரிசல்களை ஏற்படுத்தக்கூடும்.

மற்றொரு மறுமொழி:
எண்ணெய்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கையையும் விரலால் விலக்கிவிட்டுப் பாருங்கள். ஒன்று சுறுசுறுப்பாகவும் மற்றது சோம்பலாகவும் திரும்பினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதை இழுத்தோ வளைத்தோ சரிசெய்ய முயல வேண்டாம்.

மதிப்பைப் பொறுத்தவரை, மைக்கேல் காஃப்ரி வடிவமைத்த அந்தக் கிளட்சுக்காகவே இதைச் சேகரிக்கிறோம். பந்து பேரிங் கொண்ட இன்றைய யோ-யோக்கள் பலவற்றைத் திரும்ப அழைக்க ஆடுபவர் நூலைத் தனியாக மடித்துச் சிக்கவைக்க வேண்டியிருக்கிறது; இதிலோ அந்த வேலையை இயந்திரமே செய்கிறது. ஆகவே ஸ்பிரிங்குகளை மாற்றினாலும் பழையவற்றைச் சிறு உறையிலிட்டு யோ-யோவுடனேயே வைத்திருங்கள். விற்கும் நாள் வந்தால் மாற்றிய விவரத்தை எழுதிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பிரித்துப் பார்த்தேன். இரண்டு கைகளும் ஒரே வேகத்தில்தான் மூடுகின்றன. குழலின் வெளிப்புறம் முழுவதும் பிசுபிசுப்பாக இருக்கிறது. கழுவி உலர வைத்திருக்கிறேன், ஸ்பிரிங்குகளை மாற்றப் போவதில்லை.