பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்: 'மை வார்' முதன்முதலில் கேட்ட இரவு (ஒரு பதிவும் அதற்கு வந்த மறுமொழிகளும்)

பழைய கேசட்:
1998, கோவையில் கல்லூரி விடுதி. அறைத் தோழனின் அண்ணன் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கேசட் பதிவு செய்து அனுப்பியிருந்தார். மேலே 'பிளாக் ஃபிளாக்' என்று அமெரிக்க பங்க் ராக் குழுவின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. உள்ளே இருந்தது அவர்களுடைய 'மை வார்' ஆல்பம். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 'டேமேஜ்ட்' (1981) எனக்கு மனப்பாடம். சுமார் 35 நிமிடத்தில் 15 பாட்டு, மூச்சு விட நேரம் தரமாட்டார்கள். இதுவும் அப்படித்தான் என்று விளக்கை அணைத்துவிட்டு வாக்மேனை ஓடவிட்டேன். முதல் பக்கம் ஏறக்குறைய எதிர்பார்த்தபடியே போனது. கிடார் மட்டும் அங்கங்கே கோணிக்கொண்டது.

திருப்பிப் போட்டேன். டிரம்ஸ் ஓர் அடி விழுந்தது. அடுத்த அடியைக் காணோம். மாடிக்குக் கிரைண்டர் ஏற்றுகிறவர்கள் படிக்குப் படி நின்று மூச்சு வாங்குவார்களே, அந்தக் கணக்கில் வந்தது. பாடகர் ஹென்றி ராலின்ஸின் குரலும் இழுத்துக்கொண்டே கிடந்தது. பேட்டரி போய்விட்டது என்று எழுந்து, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றும் தோழனின் அலாரத்திலிருந்து ஒன்றுமாகப் பென்சில் செல்களைக் கழற்றிப் போட்டேன். (மறுநாள் அவன் முதல் வகுப்பைத் தவறவிட்டது தனிக் கதை.) மறுபடியும் அதே நடை. மூன்றே பாடல்கள், ஒவ்வொன்றும் 6 நிமிடத்துக்கு மேல். ஏமாற்றிவிட்டார்களே என்று கோபம்தான் வந்தது.

தோல்வாத்தியம்:
கோபம் உங்களுக்கு மட்டும் வரவில்லை, அண்ணா. 1984இல் இது வெளிவந்தபோது அமெரிக்க ரசிகர்களே இரண்டுபட்டார்கள். ஹார்ட்கோர் என்ற முரட்டு பங்க் இசை என்றால் வேகம் என்று பழகியவர்களுக்கு, மெதுவான கனத்த மெட்டல் வாசித்த பிளாக் சபாத் குழுவின் சாயல் கசந்தது. குழுவினர் முடி வளர்த்ததைக்கூடப் பொறுக்காதவர்கள் இருந்தார்கள்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். இரண்டாம் பக்கத்தின் 'நத்திங் லெஃப்ட் இன்சைடு' பாடலைப் பயிற்சிக்கு எடுத்தபோதுதான் டிரம்மர் பில் ஸ்டீவன்சன் என்ன செய்திருக்கிறார் என்று புரிந்தது. வேகமாக அடித்தால் சிறு பிசகுகள் கூட்டத்தில் மறைந்துவிடும். இந்த நடையில் ஒரு துளி முந்தினாலும் அம்பலம். இரண்டு அடிகளுக்கு நடுவே கை சும்மா இருக்க மறுத்தது, ஏதாவது ஒன்றை இட்டு நிரப்பத் துடித்தது. நான்காவது முறைதான் குச்சியை அந்தரத்திலேயே நிறுத்திக் காத்திருக்கப் பழகினேன். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆல்பத்தில் பாஸ் வாசித்ததாகப் போட்டிருக்கும் 'டேல் நிக்சன்' என்று யாரும் கிடையாது. ஆளில்லாததால் கிடார் வாசிக்கும் கிரெக் கின்னே அதையும் வாசித்துப் புனைபெயர் போட்டுக்கொண்டார். கிடாரும் பாஸும் ஒரே ஆள் பல்லைக் கடிப்பதுபோல் ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முதல் பக்கக் கட்சி:
எல்லோரும் மன்னிக்கவும். நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த 50 ஆல்பங்கள் என்று கைப்பட எழுதிய பட்டியலில் இதைப் பார்த்துத்தான் தேடிப் பிடித்தேன். மெல்வின்ஸ் போன்ற மெதுநடை ராக் குழுக்கள் இந்த இரண்டாம் பக்கத்திலிருந்து வழி எடுத்தன என்பதும் தெரியும். வழி காட்டியவர் என்பதற்காக விருந்தே நன்றாயிருந்தது என்று சொல்ல வேண்டுமா? மூன்று பாட்டுக்கும் ஒரே சரக்கு. எனக்கு முதல் பக்கத்தின் 'ஐ லவ் யூ' பாடலும் தலைப்புப் பாடலும் போதும். வேடிக்கை என்னவென்றால், அவ்விரண்டையும் எழுதிய பழைய பாஸ் வாசிப்பாளர் சக் டுகோவ்ஸ்கி அப்போது குழுவை விட்டே போயிருந்தார்.

பழைய கேசட்:
கட்சிக்காரரே, உங்கள் பக்கம் நானும் இரண்டு வருடம் இருந்தேன். முதல் பக்கம் தேயத் தேய, கேட்காமல் விட்ட இரண்டாம் பக்கம்தான் சுத்தமாக மிஞ்சியது. வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்து, இன்றுவரை நிறுத்தவில்லை. போன வாரம் காரில் அந்தப் பக்கத்தின் 'த்ரீ நைட்ஸ்' பாடல் ஓடிக்கொண்டிருந்தது. பின் இருக்கையிலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, நெட் சரியாகக் கிடைக்கவில்லையா?"