பதிவு செய்யாத துணி வடிவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமா?

பூவேலை:
பதிவு செய்யத் தக்க ஒரு வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவின்படி அதன் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. ஆடை நிறுவனமான பீபா மீது ரித்திகா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் தொடுத்த வழக்கு 2016இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இதனால்தான் எடுபடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதியாத வடிவமைப்புக்கும் 3 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. இங்கும் அது வேண்டும்.

சட்டமணி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தவருக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் உரிமை கிடைக்கிறது. சிறு நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான். எது யாருடையது என்பதைப் பிறர் தேடிப் பார்க்கவும் பதிவேடு வேண்டும்.

பூவேலை:
ஒரு டிசைனுக்குத்தான் கட்டணம் 1,000. ஒரு பருவத்துக்கு வரையும் பல டிசைன்களில் எது ஓடும் என்பது கடைக்குப் போன பிறகே தெரியும். ஆனால் விற்பனைக்கு வந்துவிட்டால் புதுமை போய்விட்டது என்று வடிவமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பதிவை மறுக்கிறது. ஐரோப்பாவில் வெளியிட்ட பிறகும் பதிவதற்கு 12 மாத அவகாசம் இருக்கிறது.

சட்டமணி:
அந்த அவகாசத்தைக் கேளுங்கள், நானும் ஆதரிக்கிறேன். பதியாத உரிமை மட்டும் வேண்டாம். மாங்காயும் மயிலும் கோபுரக் கரையும் யாருக்கும் சொந்தமல்ல என்றாலும், பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால் சிறு அச்சுப் பட்டறைக்காரர் பயந்து வேலையை நிறுத்திவிடுவார்.

ஈரோட்டுப் பட்டறை:
நான் அச்சடிப்பவன். பதிந்தவருக்கும் பெரிதாக என்ன கிடைக்கிறது? அதே சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி ஒரு வடிவமைப்புக்கு நகலெடுத்தவரிடம் நேரடியாக வசூலிக்கக்கூடிய தொகை அதிகபட்சம் 50,000 ரூபாய். அதற்கு மேல் இழப்பீடும் தடையும் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாலும், பதிவே செல்லாது என்று எதிர்த்தரப்பு சொன்னவுடன் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறி, ஈரோட்டுக்காரர் சென்னைக்கு அலைய வேண்டும். முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

பூவேலை:
ஐயா, அதுவும் சரிசெய்ய வேண்டியதே. ஆனால் சட்டமணி அஞ்சுவதற்கு ஐரோப்பிய விதியில் இடமில்லை. அது நகலெடுப்பதை மட்டுமே தடுக்கிறது, சொந்தமாக மாங்காய் வரைந்தவரைத் தொடுவதில்லை.

சட்டமணி:
நகலா இல்லையா என்பது தீர்ப்பில் தெரியும். இடைக்காலத் தடை அதற்கு முன்பே வந்துவிடும். தீபாவளிச் சரக்கு கிடங்கில் முடங்கிய பிறகு வழக்கில் வென்றாலும் பட்டறைக்காரருக்கு அந்த வியாபாரம் திரும்பாது.